திறந்த மூல மென்பொருளும் அதை வளர்த்த நிலங்களும்

நம் சங்க நூலகத்தின் நூற்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றிய நாளில் நாம் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஞாயிறுதோறும் அன்பர்கள் கூடி, அட்டைகளில் இருந்த நூற்பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தனர். சில ஆண்டுகள் கழிந்தன. அந்த மென்பொருளை விற்றவர்கள் தொழிலை நிறுத்திவிட்டனர். புதிதாக வாங்கிய கணிப்பொறியில் பழைய மென்பொருள் இயங்கவில்லை. அதற்கெனச் செய்யப்பட்டிருந்த தமிழ் எழுத்துருவும் அதனுடனேயே போயிற்று. திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. நூல்கள் அலமாரியில் இருந்தன. பட்டியல் மட்டும் பூட்டிய பெட்டிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

யாரோ ஓர் ஆர்வலர் எழுதி, அதன் மூல நிரலோடு உலகுக்கு அளித்திருந்த எழுத்துரு மாற்றி ஒன்று பின்னர் நமக்குக் கிடைத்தது. நம்முடைய எழுத்துருவுக்கான அட்டவணை அதில் இல்லை. எனினும் நிரல் திறந்திருந்தமையால், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர் அவ்வட்டவணையைத் தாமே எழுதிச் சேர்த்தனர். பட்டியல் மீண்டது.

அன்று மூத்த அன்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். "இத்தனை பொறியாளர்களைப் பெற்ற நம் நாட்டில், இவ்வாறு எழுதி ஊருக்கு அளிக்கும் வழக்கம் அயல்நாடுகளிற்போல ஏன் விரைவில் வேர்கொள்ளவில்லை? நம்மவரிடம் பகிரும் குணம் குறைவோ?" என்றார். வீட்டுக்கு ஒருவர் மென்பொருள் துறையில் பணியாற்றும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்வினா உறுத்தலானது. விடை காண விழைந்தால், இவ்வகை மென்பொருள் எந்தெந்த நிலத்தில், எத்தகைய சூழலில் பிறந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

கோலமும் நிரலும்

மென்பொருள் என்பது கணிப்பொறிக்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. மனிதர் படிக்கத்தக்க வடிவில் அமைந்த அக்கட்டளைகளுக்கு மூல நிரல் என்று பெயர். விலைக்கு வரும் மென்பொருள்கள் பலவற்றில் மூல நிரல் வாங்குவோர் கைக்கு வருவதில்லை. பொறிக்கு மட்டுமே விளங்கும் வடிவமே வருகிறது.

இவ்வேறுபாட்டை நம் இல்லத்துப் பெண்மணிகள் எளிதில் உணர்வர். அடுக்குமாடி வீட்டு வாயிலில் ஒட்டும் அச்சுக் கோலம் ஒன்று. குறிப்பேட்டில் புள்ளிக் கணக்கோடு வரைந்து வைத்த கோலம் மற்றொன்று. முன்னதை ஒட்டலாம்; கிழிந்தால் வேறொன்று வாங்கலாம். பின்னதை 15 புள்ளியிலிருந்து 9 புள்ளிக்குச் சுருக்கலாம், மகளுக்குக் கற்பிக்கலாம், அண்டை வீட்டார் அதில் ஒரு வளைவை மாற்றிப் புதியதொன்றைப் படைக்கலாம்.

இவ்வாறு மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனவும், திறந்த மூல மென்பொருள் எனவும் வழங்குகிறது. முதற்பெயர் பயன்படுத்துவோரின் உரிமையை வற்புறுத்துவது. 1998ஆம் ஆண்டில் எழுந்த இரண்டாம் பெயர், பலர் கூடி ஆக்கும் முறையின் சிறப்பை வற்புறுத்துவது.

அமெரிக்கா: சட்டம் திறந்த கதவு

1969ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். இயக்குதளம் என்பது கணிப்பொறியின் ஏனைய மென்பொருள்கள் அனைத்தையும் தாங்கி நிற்கும் அடிப்படை மென்பொருள். அதனைப் பெருவிலைக்கு விற்றிருக்கலாமே என்று நாம் எண்ணக்கூடும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைத்தொடர்பு அல்லாத வணிகத்தில் அந்நிறுவனம் இறங்கலாகாது. ஆதலின் யூனிக்ஸ் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலுடனேயே சென்றது. பழுது பார்த்துத் தருவார் இல்லை. பேராசிரியர்களும் மாணவர்களும் தாமே பழுது நீக்கினர். நீக்கியதை ஒருவருக்கொருவர் அனுப்பினர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1978 முதல் தன் திருத்தங்களைத் தொகுத்து வெளியிட்டது. பகிரும் வழக்கம் அங்கே இவ்வாறு பழகிப் படிந்தது.

1984ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அத்தொலைபேசி நிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. அதனுடன் பழைய கட்டுப்பாடும் தளர்ந்தது. யூனிக்ஸ் விற்பனைப் பொருளாயிற்று. சட்டம் திறந்த கதவைச் சட்டமே சாத்தியது எனலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் பணியாற்றிவந்தார். தம் கூடத்தில் நிலவிய பகிர்வு வாழ்க்கை குலைவதைக் கண்டு வருந்திய அவர், முற்றிலும் கட்டற்ற ஓர் இயக்குதளத்தைப் படைப்பதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். பணியைத் தொடங்குமுன் அவர் செய்த செயல் கருதத்தக்கது. 1984 சனவரியில் தம் வேலையைத் துறந்தார். வேலையில் இருந்துகொண்டே எழுதினால் கழகம் அந்நிரலுக்கு உரிமை கோரக்கூடும் என்பதே காரணம். எனினும் அக்கூடத்தின் தலைவர், அங்கிருந்த வசதிகளைத் தொடர்ந்து பயன்படுத்த அவருக்கு இடமளித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. 1989இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம் வெளிவந்தது. திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் அதே உரிமையோடு திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பொதுமையைக் காத்த அறிவுத்திறம் இது.

பின்லாந்தும் நெதர்லாந்தும்: கல்விக்கூடம் தந்த நேரம்

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் எழுதிவருவதாக உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. லினக்ஸ் எனப் பெயர் பெற்ற அதனை அவர் 1992இல் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இன்று உலகின் பெருங்கணிப்பொறிகளும், நம் கையிலுள்ள ஆண்டிராய்டு தொலைபேசிகளும் அந்த லினக்ஸின் கருவைக் கொண்டே இயங்குகின்றன.

அம்மாணவரின் திறமையை யாரும் மறுக்க முடியாது. அத்திறமை வளரப் பின்லாந்து என்ன தந்தது என்பதையும் நோக்குவோம். அங்கே அப்போது பல்கலைக்கழகக் கல்விக்குக் கட்டணம் இருக்கவில்லை. படிப்பை விரைந்து முடித்துக் கடனை அடைக்க வேண்டும் என்னும் நெருக்கடியும் இல்லை. 1988இல் சேர்ந்த அவர், இடையில் நாட்டின் கட்டாயப் படைப்பணியையும் முடித்து, முதுநிலைப் பட்டத்திற்கான ஆய்வேட்டை 1997இல் நிறைவு செய்தார். ஆய்வேட்டின் பொருள் லினக்ஸே. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்கலைக்கழகமே அவருக்குத் துணையாசிரியர் பணியும் தந்து, லினக்ஸுக்கு உழைக்க நேரமும் விட்டது. மகன் ஒன்பதாண்டு கல்லூரியில் இருக்கிறான் என்றால் நம் வீடுகளில் என்ன பேச்சு எழும் என்பதை அன்பர்கள் அறிவர்!

நெதர்லாந்திலும் இதனை ஒத்த நிலையே. ஆம்ஸ்டர்டாமில், அரசின் பொருளுதவியால் நடைபெறும் கணித, கணிப்பொறியியல் ஆய்வு நிலையத்தில் கைடோ வான் ராசம் பணியாற்றினார். 1989ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தான் என்னும் நிரல்மொழியை எழுதத் தொடங்கி, 1991இல் மூல நிரலோடு வெளியிட்டார். நம் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் பயிலும் பைத்தான் அதுவே.

ஜப்பான்: தாய்மொழியில் தொடங்கிய பணி

1993ஆம் ஆண்டில் யுகிஹிரோ மாட்சுமோட்டோ ரூபி என்னும் நிரல்மொழியைத் தொடங்கி, 1995 டிசம்பரில் வெளியிட்டார். முதற்சில ஆண்டுகளில் அதன் விளக்கங்களும் உரையாடல்களும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. ஆங்கிலத்தில் அதற்கு முதல் நூல் வந்தது 2000ஆம் ஆண்டில்தான். வெளியுலகம் அறியாதிருந்தமை அதற்குக் குறையாகவில்லை. தாய்மொழியில் ஐயம் கேட்டு, தாய்மொழியில் விடை பெறும் ஒரு கூட்டம் உள்நாட்டிலேயே அதனைப் பேணியது. 2004இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன், ரூபியைக் கொண்டு இணையத்தளங்கள் கட்டும் ரெயில்ஸ் என்னும் சட்டகத்தை வெளியிட்டபின் அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

மாட்சுமோட்டோவின் பணிவும் கனிவும் அம்மொழியைப் பயில்வோர் அனைவர்க்கும் பழமொழிபோல் ஆயின. அவர் கனிவானவர், ஆதலின் நாமும் கனிவாக இருப்போம் என்பது அவர்களிடையே வழங்கும் வாசகம். லினக்ஸ் உலகிலோ நெடுங்காலம் கடுமொழி இயல்பாக இருந்தது. 2018இல் டோர்வால்ட்ஸ் தம் கடுமைக்கு வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் ஒதுங்கியிருந்ததும், ஒரு நடத்தை நெறி அங்கே ஏற்கப்பட்டதும் பலர் அறிந்த செய்தி. முன்னோடியின் பழக்கம் கூட்டத்தின் பண்பாடாகிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மாட்சுமோட்டோ 1997 முதல் பணியாற்றும் நிறுவனம் மாட்சுயே என்னும் ஊரில் உள்ளது; ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழும் மேற்கு ஜப்பானிய நகரம் அது. 2006 முதல் அந்நகராட்சி, தன்னை ரூபியின் நகரம் என்று அழைத்துக்கொண்டு, ஆர்வலர் கூடுவதற்கு இரயில் நிலையத்தருகே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. ஓர் ஊர் தன் புலவரைப் போற்றுவதுபோல் தன் நிரலாளரைப் போற்றிற்று.

பிரேசில்: தடை ஈன்ற ஆக்கம்

வளமான நாடுகளில் மட்டுமே இஃது இயலும் போலும் என்று எண்ண வேண்டா. 1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு, அயல்நாட்டுக் கணிப்பொறிகளும் மென்பொருள்களும் எளிதில் உள்ளே வராதபடி வணிகத் தடைகளை விதித்திருந்தது. வேண்டிய கருவியை விலைக்கு வாங்க இயலாதோர் தாமே செய்துகொள்ளப் பழகினர். ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், பெட்ரோபிராஸ் என்னும் அரசு எண்ணெய் நிறுவனத்துக்காகப் பணிசெய்த ஒரு குழுவினர் 1993இல் லுவா என்னும் நிரல்மொழியைப் படைத்தனர். போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலவு. தடை நீங்கிய பின்னும் லுவா நிலைத்தது. பல நாட்டுக் கணிப்பொறி விளையாட்டுகளில் இன்று அது பயன்படுகிறது. தடை மட்டும் இருந்து, நெடுநாள் உழைக்க இடம் தந்த அந்தப் பல்கலைக்கழகம் இல்லாதிருந்தால் லுவா பிறந்திராது.

ஜெர்மனி: சங்கமும் நீதிமன்றமும் நகராட்சியும்

ஜெர்மானியர் எதற்கும் சங்கம் அமைப்பர் என்பது அவர்களைப் பற்றி அவர்களே நகையாகக் கூறுவது. அந்நாட்டுச் சட்டப்படி எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் 1996இல் தொடங்கிய கே.டி.ஈ. என்னும் திரைச்சூழல் திட்டம் அடுத்த ஆண்டே அவ்வாறு பதிவு பெற்ற சங்கமாயிற்று. பணம் பெறவும், கணக்கு வைக்கவும், பொறுப்பைக் கைமாற்றவும் ஓர் அமைப்பு உண்டானது. தொடங்கியவர் விலகினாலும் பணி நிற்கவில்லை. 2004இல் மியூனிக் நீதிமன்றம் ஜி.பி.எல். உரிமத்தைச் செல்லத்தக்கது என ஏற்றது. கொடுத்த வாக்குக்குச் சட்டத்தின் காவலும் கிடைத்தது.

அமைப்பு தருவதை அமைப்பே திரும்பப் பெறுவதும் உண்டு. மியூனிக் நகராட்சி 2003இல் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றும் பணி 2013இல் முடிந்தது. மறு ஆண்டு மேயர் மாறினார். 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதென முடிவு செய்தது. அதே ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ, 2024இல் ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளில் லிபர் ஆபீஸ் என்னும் திறந்த மூல மென்பொருளைக் கொண்டுவரத் தீர்மானித்தது. மக்கள் ஒரே பண்பாட்டினர். ஆட்சிமன்றங்களின் முடிவோ வெவ்வேறு.

சீனா: 72 மணி நேர வாரம்

2019 மார்ச்சில், சீன நிரலாளர் சிலர் கிட்ஹப் என்னும் நிரற்களஞ்சியத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தனர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் உழைக்கச் சொல்லும் வழக்கத்தை எதிர்த்த பக்கம் அது. கணக்கிட்டால் வாரத்திற்கு 72 மணி. தொழிலாளர் சட்டத்தை மதிக்காத நிறுவனங்கள் தம் நிரலைப் பயன்படுத்தலாகாது என்று ஓர் உரிமத்தையும் ஆர்வலர் வகுத்தனர். நிரலைப் பகிர்வதற்கு முன் நிரலாளனுக்கு இரவும் ஞாயிறும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக யார் கூற இயலும்?

நம் நாடு

இனி மூத்த அன்பரின் வினாவுக்கு வருவோம். நம் மென்பொருள் துறை, அயல்நாட்டு நிறுவனங்களின் வேலையை ஒப்பந்தத்தின்பேரில் செய்துகொடுப்பதாக வளர்ந்தது. எழுதும் நிரல் வேலை தருவோருக்கு உரியது. அதை வெளியே காட்டுதல் ஒப்பந்த மீறல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் பணியின்போது படைத்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்கிறது. ஸ்டால்மன் இத்தகைய அச்சத்தினாலேயே வேலையைத் துறந்தார். வீட்டுக் கடனும், தங்கையின் திருமணமும், ஊரில் பெற்றோரின் மருத்துவச் செலவும் சுமக்கும் நம் இளைஞன் எதைத் துறப்பான்? பெருநகரங்களில் அலுவலகத்துக்குப் போய்வரவே நாளில் நெடுநேரம் செலவாகிறது. குணத்தைக் குறை கூறுமுன் இவற்றை எண்ண வேண்டும்.

இடம் கிடைத்தபோது நம்மவர் செய்தமைக்கும் சான்று உண்டு. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பை 2007இல் வெளியிட்டது. கேரளம் 2001இல் பள்ளிகளுக்கெனக் கணிப்பொறிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கே மாறின. அங்கே ஆசிரியர்களே பயிற்சி பெற்று, பாடத்திற்கு வேண்டிய மென்பொருளைத் தேர்ந்து, தாய்மொழியில் அமைத்துக்கொள்கின்றனர். 2015இல் மத்திய அரசு, தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை அறிவித்தது. கிட்ஹப் களஞ்சியத்தில் கணக்கு வைத்திருக்கும் நிரலாளர் தொகையில் 2023இல் இந்தியா அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் நின்றது. கைகள் குறைவில்லை என்பது இதனால் தெளிவு.

தமிழுக்கு நேர்ந்ததை இங்கே நினைத்தல் தகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து யாவர்க்கும் கட்டணமின்றி வழங்கும் தொண்டு அது. அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அறிவியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் இ. மயூரநாதன், அவர் ஐக்கிய அரபு நாட்டில் பணியாற்றிய இலங்கைத் தமிழர். அக்கலைக்களஞ்சியத்தைத் தாங்கும் மென்பொருளும் கட்டற்றதே. ஊரைவிட்டு வெளியே வாழ்ந்த தமிழர் தம் ஓய்வு நேரத்தை மொழிக்கு அளித்தனர். பகிரும் குணம் இல்லாதோர் செய்யும் செயல்களா இவை?

எழுவர் போதும்

நாடுதோறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற உடன்பாடு, பின்லாந்தில் கட்டணமில்லாக் கல்வி, நெதர்லாந்தில் அரசு ஆய்வு நிலையம், ஜப்பானில் தாய்மொழிக் கூட்டமும் ஒரு சிறு நகராட்சியும், பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகம், ஜெர்மனியில் ஒரு பதிவுச் சங்கம், கேரளத்தில் பள்ளி. எங்கும் தனி மனிதர் எழுதினர். அவர் எழுதுவதற்கான நேரத்தை ஏதோ ஓர் அமைப்பு தந்தது. கொடுக்கும் மனம் எந்த நாட்டுக்கும் தனியுரிமை அன்று. அம்மனம் செயலாவதற்கு இடம் வேண்டும்.

அவ்விடங்களுள் ஒன்றாக நம் சங்கமும் ஏன் ஆகலாகாது? 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டமும் எழுவரையே கேட்கிறது. முன்னோர் அத்தகைய சிறு தொகையினராய்க் கூடி, வேற்று மொழி வழங்கும் ஊரில் தமிழ் வகுப்பும் நூலகமும் கண்டனர். சம்பளம் வாங்காத ஆசிரியரும் நூலகரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் செய்வதும் இதே வகைத் தொண்டுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு நூலக அறையைத் திறந்து வைத்து, தமிழில் நிரல் எழுதவும், மென்பொருள்களைத் தமிழாக்கவும், பழைய எழுத்துருவில் அகப்பட்ட ஏடுகளை மீட்கவும் இளைஞருக்கு இடம் தரலாம். பெற்றோரும் அவ்வேளையை வீண்பொழுது எனக் கருதாதிருக்கலாம்.

நம் நூற்பட்டியலை மீட்ட பிள்ளைகள் இருவரும் தாம் எழுதிய அட்டவணையை அந்த எழுத்துரு மாற்றியின் மூல நிரலோடு சேர்க்குமாறு அனுப்பி வைத்தனர், அதுவும் ஏற்கப்பட்டது. வேறோர் ஊரில், வேறொரு சங்கத்தின் பூட்டிய பெட்டி ஒருநாள் அதனால் திறக்கக்கூடும். முகமறியா ஒருவரிடம் பெற்றதை முகமறியா மற்றொருவருக்கு நம் பிள்ளைகள் அளித்துவிட்டனர். மூத்த அன்பரின் வினாவுக்கு நம் நூலக அறையே விடை கூறிற்று. அந்த அறையின் கதவு மூடாதிருக்கச் செய்வது நம் கடன்.